நூற்றியெண்பது கிரெயின்

கணபதியில் ஒரு சந்துக்குள்
எட்டு லேத்தும் ஒரு சிஎன்சியும் ஓடும் பட்டறையில்
அளந்து பார்ப்பது என் வேலை.
பம்ப் ஷாஃப்ட் வரும், கிரைண்டர் மூடி வரும்.
இந்த ஆடியில் வந்தது
பின்லாந்துக்காரன் ஆர்டர்: டை, நானூறு பீஸ்.

அங்கே வேட்டைக்காரர்கள்
வீட்டு மேசையிலேயே தோட்டா கட்டுவார்களாம்.
பித்தளைக் கூட்டில் மருந்து நிரப்பி
முனையை நேராய் வைத்து அழுத்த
நாங்கள் கடையும் இந்த இரும்புக் குழல்.

"எதையச் சுடறதுக்குங்?" என்றேன்.
சென்னியப்பண்ணன் போனைத் திருப்பிக் காட்டினார்.
குளவி கொட்டிய கழுதை மூஞ்சி,
தலைக்கு இருபுறமும் முறம் முறமாய்க் கொம்பு,
காங்கயம் காளையைவிட ஒரு முழம் உயரம்.
மூஸாம்.
"மூசு மூசுன்னு மூச்சு உடுமாட்ட இருக்குது"
என்றான் டர்னர் குப்பாண்டி.

மாதிரிக்கு இரண்டு முனைகள் வந்தன, வெறும் உலோகம்.
ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டது குட்டை.
முழுக்கச் செம்பானது நெட்டை.
இரண்டிலும் ஒரே எடை, நூற்றியெண்பது கிரெயின்.

கிரெயின் என்றால் தானியந்தானே?
டீ நேரத்தில் தீவனக் கடைக்குப் போய்
வெள்ளைச் சோளம் வாங்கி வந்து
நூற்றியெண்பதை எண்ணித் தராசில் கொட்டினேன்.
முனையின் எடையில் பாதிகூட வரவில்லை.
அவர்கள் ஊர் மழை அப்படி.

ஹெய்க்கி என்பவனின் கடிதத்தை
ஓனர் மகள் படித்துச் சொன்னாள்:
ஈயம் எலும்பில் பட்டால் பொடியும்,
பொடி கறியில் இறங்கும்,
அந்தக் கறியைத்தான் பனிக்காலம் முழுக்க
என் பிள்ளைகள் தின்பார்கள்.
அதனால் செம்புக்கு மாறிவிட்டேன்.
செம்பு நீளம், மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.
வேகம் குறைந்தால் உள்ளே மலராது.
மலராத தோட்டா ஊசி போலத் துளைத்துப் போய்விடும்,
அது நடந்துகொண்டே இருக்கும்,
நானும் நாயும் பின்னால் போய்க்கொண்டே இருப்போம்.
ஆகவே கோணல் வேண்டாம்.

மலர்வது என்ற சொல்லை
அவள் இரண்டு தரம் படித்தாள்.

பதினேழு பீஸில் உள்குழி
இருபது மைக்ரான் கோணல்.
"தலைமுடியில கால்வாசி கூட இல்லீயே அம்மிணி,
கெடக்குது, பெட்டீல போடு."

நான் சின்னத்தடாகம்.
எங்கள் வாழைக்காட்டுக்குக் கீழே
பழைய செங்கல் சூளைக் குழி, மழைத்தண்ணீர் நிற்கும்.
பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்த
இளங்கொம்பன் ஒன்று அதில் வந்து நின்றது,
பதினொரு நாள்.
தாடை இல்லை.
தும்பிக்கையால் தண்ணீர் எடுக்கும்,
வாய்க்குக் கொண்டுபோகும்,
எடுத்த தண்ணீர் எடுத்த இடத்திலேயே ஊற்றும்.

வைத்தவன் எதையும் நிறுக்கவில்லை.
கைக்கு வந்த மருந்து, கைக்கு வந்த கூழாங்கல்,
மேலே கொஞ்சம் மாட்டுக்கொழுப்பு.
எனக்குத் தெரியும்,
அந்தக் கொழுப்பு வாங்கி வரப் போன சைக்கிள் என்னுடையது,
போனது என் சித்தப்பன்.
ஃபாரஸ்டர் வந்து கேட்டபோது
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவியதையே கழுவிக்கொண்டிருந்தேன்.

பதினேழுக்கும் சிவப்பு பெயின்ட் அடித்தேன்.
சென்னியப்பண்ணன் பொழுதிறங்கும்வரை பேசவில்லை.
அப்புறம், "ரேட்டு தெரியுமில்ல?" என்றார்.
தெரியும் என்றேன்.
பேக்கிங் லிஸ்டில் முந்நூற்றியெண்பத்து மூன்று என்று
எழுதியவரும் அவர்தான்.

மிச்சமிருந்த சோளத்தைச்
சண்டைச் சேவலுக்கென்று குப்பாண்டி கேட்டான்.
எண்ணிக் கொடுத்தேன்.
நூற்றியெழுபத்தொன்பதுதான் இருந்தது.
லேத்துக்கடியில் இரும்புச் சுருளுக்குள் கைவிட்டு
வண்டி வரும்வரை தேடினேன்.